யார் கேட்டாலும் சொல்லக் கூடாத எண்

அத்தியாயம் 16

வியாழக்கிழமை விடிகாலையில் லாரி கிளம்புகிறது. அது போன வாரமே முடிவாகிவிட்டது. நாயிஃப்பின் அண்ணன் அபூ மன்ஸூர் ஆளைப் பிடித்து, பேரம் பேசி, லாரியை உறுதி செய்துவிட்டார். இர்பிதில் அகதிகளாகப் பன்னிரண்டு வருஷம் வாடகைக்குக் குடியிருந்த இரண்டு குடும்பங்களின் மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் ஏறி, எல்லை தாண்டி, சொந்த ஊரான தர்ஆவுக்குப் போகும். அங்கே நாயிஃப்பின் வீடு இன்னும் நிற்கிறது. கூரைதான் இல்லை.

இதில் ஒரு சிக்கல். நாயிஃப் இரண்டு பேருக்கு ஆணையிட்டு வாக்குக் கொடுத்திருக்கிறார். அண்ணனிடம், "அல்லாஹ் மேல ஆணையா, என் குடும்பம் முழுசா உங்களோட வரும்" என்றார். பத்து நாள் கழித்து மனைவி ஹியாமிடம், "நீ பரீட்சையில தேறினா, அல்லாஹ் மேல ஆணையா, நீயும் பதூலும் இங்கேயே இருந்து படிங்க" என்றார். எங்கள் ஹவ்ரான் பக்கத்து ஆண்களுக்கு வாக்குக் கொடுப்பது காப்பி கொடுப்பது மாதிரி. வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் பாத்திரத்தைப் பார்ப்பார்கள்.

பரீட்சை இன்று. செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு.

ஹியாமுக்கு நாற்பத்தொரு வயது. ஊரில் இருந்தபோது ஆரோக்கிய நிலையத்தில் ஒன்பது வருஷம் தடுப்பூசிப் பதிவேடு எழுதியவள். எந்தக் குழந்தைக்கு எந்தத் தேதியில் எந்த ஊசி என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்வாள். இங்கே வந்து பன்னிரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டைக் கழுவுகிறாள். இர்பித் பல்கலைக்கழகம் ஒன்றில் மருத்துவப் பதிவேட்டுப் படிப்பு ஒரு வருஷம். ஆங்கிலப் பரீட்சையைக் கணினியில் எழுதி அறுபது மார்க் வாங்கினால் அதில் இடம். இடம் கிடைத்தால் அவளும் இருக்கலாம், பள்ளி இறுதி வகுப்பில் இருக்கும் மகள் பதூலும் இருக்கலாம். கிடைக்காவிட்டால் லாரி.

காலையில் அவள் கிளம்பும்போது நாயிஃப் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போய், ரொட்டியில் ஸஅத்தர் பொடி தடவி, எண்ணெய் விட்டு, காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"வெறும் வயித்தோட போகாத."

"நான் தேறணும்னு துஆ கேளுங்க" என்றாள் ஹியாம்.

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை போலிருக்கிறது, அவிழ்த்து மறுபடியும் போட்டார். ஹியாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

*

ஹியாமின் தங்கை லுபானாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முப்பத்திரண்டு வயது. அகதியாக வந்து, இதே பல்கலைக்கழகத்தில் படித்து, இப்போது அதன் மொழி மையத்தில், ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களுக்குக் கணினி சொல்லித் தருகிறாள். அவள் வகுப்பில் பத்தொன்பது பேர். ஒரு தையல்காரர், ஒரு மருந்துக்கடைக்காரர், சூடானிலிருந்து வந்த ஒரு லாரி ஓட்டுநர், மீதிப் பேர் பெண்கள். ஆங்கிலமே தகராறு, அதில் கணினி வேறு. முதல் வாரம் தையல்காரர் மவுஸைக் கையில் எடுத்துத் திரைமேல் வைத்துத் தேய்த்தார். யாரும் சிரிக்கவில்லை. மற்றவர்களும் அப்படித்தான் செய்ய இருந்தார்கள்.

லுபானா நல்ல வாத்தியார். ஆனால் ஆனைக்கும் அடி சறுக்கும்.

முதல் வாரத்தில் ஆளுக்கொரு மின்னஞ்சல் திறந்தபோது அது போன் நம்பர் கேட்டது. ஹியாமிடம் அப்போது சொந்தமாக நம்பர் கிடையாது. புருஷனுடைய நம்பரைக் கொடுத்தாள். பிறகு நாயிஃப்பே அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். ஆனால் மின்னஞ்சலில் நம்பரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அவசியமும் வரவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு வகுப்பிலும் பத்தொன்பது பேரும் உள்ளே நுழைய அரைமணி நேரம் பிடிக்கிறதே என்று, 'இந்தக் கணினியை நினைவில் வைத்துக்கொள்' என்ற கட்டத்தில் லுபானாவே எல்லோருக்கும் டிக் அடித்துவிட்டாள். பதினான்கு வாரம், கதவு தானாகத் திறந்தது.

இன்னொன்றும் செய்தாள். போன ரமளானில் அபூ மன்ஸூருக்கு ஒரு போன் வந்தது. உதவி அமைப்பிலிருந்து பேசுகிறோம், உங்கள் போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றார்கள். நல்ல மனிதர், சொல்லிவிட்டார். அந்த மாத உதவித்தொகை முழுவதும் போயிற்று. அந்தக் கோபத்தில் லுபானா தன் வகுப்புக்குத் தனியாக ஒரு பாடமே நடத்தினாள். போனுக்கு வருகிற எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, கூடப் பிறந்தவர்கள் கேட்டாலும் சொல்லக் கூடாது. நோட்டில் பத்து முறை எழுத வைத்தாள். ஹியாம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் நாயிஃப்பையும் சொல்ல வைத்தாள்.

*

பரீட்சையை வேறு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். எல்லாம் புதுக் கணினிகள். எதற்கும் யாரையும் நினைவில்லை.

போன்களை வாசலிலேயே ஒரு கூடையில் வாங்கி வைத்துவிட்டார்கள். லுபானா பரீட்சை எழுதுகிறவளின் தங்கை என்பதால் அவளை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். பரீட்சைக்கான இணைப்பு மின்னஞ்சலில் இருக்கிறது. மின்னஞ்சலுக்குள் போக எண் வேண்டும். எண் போனுக்கு வரும். கண்காணிப்பாளர் கினானா அம்மா ஒவ்வொருவராக எழுப்பி, கூடைக்கு அழைத்துவந்து, தன் கண் முன்னால் எண்ணைப் பார்க்க வைத்தார். பார்க்கலாம், பேசக் கூடாது.

ஹியாமும் எழுந்து வந்தாள். போனைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. திரும்பிப் போய் இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் வந்து பார்த்தாள். கதவுக்கு வெளியே நின்ற லுபானா கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

கினானா அம்மா வெளியே வந்தார். "உங்க அக்காவோட எண் நாற்பத்தேழுல முடியற நம்பருக்குப் போகுது. அது யாரோடது?"

லுபானாவுக்கு அந்த நம்பர் மனப்பாடம். "அவங்க வீட்டுக்காரரோடது."

"ரெண்டு எண் வீணாப் போச்சு. மூணாவது இப்ப போயிருக்கு, கால் மணி நேரம்தான் செல்லும். அதுக்கு மேல கணக்கு இன்னைக்குப் பூட்டிக்கும். ரெண்டரைக்கு நான் கதவைச் சாத்தணும், வாத்தியாரம்மா. நீங்க கேட்டு வாங்கிட்டு வந்தா நானே அவங்க கையில தர்றேன்."

மணி இரண்டு பதினெட்டு.

லுபானா போன் போட்டாள். நாயிஃப் எடுக்கவில்லை. போன வாரம் நடந்த சண்டைக்குப் பிறகு அவர் அவளோடு பேசுவதே இல்லை. என் வீட்டை ரெண்டாக்கினது நீதான் என்று அவர் சொன்னதும், வீடு இருந்தால்தானே ரெண்டாக்க என்று இவள் சொன்னதும் நினைவிருக்கும். மறுபடி போட்டாள். மறுபடியும் எடுக்கவில்லை.

நடைபாதைக் காவலாளியிடம் ஓடினாள். அவர் தன் போனில் அடித்துத் தானே பேசினார். கனத்த குரல். பல்கலைக்கழகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்றார். மறுமுனையிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. காவலாளி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். இன்னும் எத்தனை ஏழைங்க வயித்துல அடிப்பீங்க என்பது மட்டும் லுபானாவுக்குத் தெளிவாகக் கேட்டது. சொல்லிக் கொடுத்த பாடத்தை ஒருவர் அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது.

மணி இரண்டு இருபத்திரண்டு. காவலாளியின் போனை வாங்கி அவளே அடித்தாள்.

"மச்சான், நான் லுபானா. வெச்சிடாதீங்க."

அவர் வைக்கவில்லை. பின்னால் யாரோ இரும்பை இரும்பின்மேல் போடும் சத்தம். கட்டிலைக் கழற்றுகிறார்கள்.

"உங்க போனுக்கு ஒரு எண் வந்திருக்கும். ஆறு இலக்கம்."

"மூணு வந்திருக்கு" என்றார் நாயிஃப். "முதல் ரெண்டையும் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். யார் கேட்டாலும் சொல்லக் கூடாதாமே, டீச்சரம்மா."

"அக்கா உள்ள காத்திருக்கா. இது அவளோட எண். ரெண்டரைக்குக் கதவைச் சாத்திடுவாங்க."

"தெரியும்."

தெரியாமல் செய்கிறவரிடம் சொல்லிப் புரிய வைக்கலாம். தெரிந்தே செய்கிறவரிடம் என்ன சொல்வது? கெஞ்சினாள். பதூலின் படிப்பைச் சொன்னாள், அந்த ஊரில் இன்னும் பள்ளிக்கூடம் சரியாகத் திறக்கவில்லை என்பதைச் சொன்னாள், அக்கா கழுவிய படிக்கட்டுகளைச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் தணிந்த குரலில் பேசினார்.

"அவ தேற மாட்டான்னு நெனச்சுத்தான் அந்த ஆணையே போட்டேன், லுபானா."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"காகிதத்துல கீபோர்டு வரைஞ்சு, சாப்பாட்டு மேசையில ஒட்டி வெச்சு, தினம் விரலால தட்டிக்கிட்டே இருந்தா. முதல்ல நானும் சிரிச்சேன். அப்புறம் பார்க்காமலே தட்ட ஆரம்பிச்சா. எனக்குப் பயம் வந்துடுச்சு. அண்ணன்கிட்டயும் வாக்குக் குடுத்திருக்கேன். கூரையில்லாத வீட்டுல நான் ஒத்தையா போய் என்ன பண்ணுவேன், சொல்லு. ராத்திரி யாரோட பேசுவேன்?"

"மச்சான், அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"எழுதட்டும். எழுதாம வந்தா ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கிட்டிருப்பா. மார்க் முதல்ல உனக்குத்தானே வரும்?"

"ஆமா. அவளுக்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் அனுப்புவாங்க."

"அப்ப நீ அவகிட்ட தேறலைன்னு சொல்லிடு. அல்லாஹ் மேல ஆணையிட்டுச் சொல்லு, எண்ணைத் தர்றேன்."

வியாழக்கிழமை மத்தியானம் லாரி எல்லையைத் தாண்டியிருக்கும். ஒரு தடவை தாண்டிய அகதி திரும்பி இங்கே வர முடியாது. அப்புறம் மின்னஞ்சல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

லுபானா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பதினெட்டுத் திரைகளில் பரீட்சை ஓடிக்கொண்டிருந்தது. தையல்காரர் ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார். ஹியாம் மட்டும் இரண்டு கைகளையும் கீபோர்டின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அல்லாஹ் மேல ஆணையா சொல்லிடறேன்" என்றாள் லுபானா.

நாயிஃப் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் உள்ளங்கையில் எழுதினாள். தப்பாக எழுதிவிடப் போகிறாளே என்று அவரே இன்னொரு முறை திருப்பிச் சொன்னார். "ஓடு, சீக்கிரம் ஓடு" என்றும் சொன்னார். அந்த மனிதரை என்னவென்று சொல்வது? சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று எங்களில் பாதிப் பேர் இப்போது அப்படித்தான் நிற்கிறோம்.

கதவு சாத்த ஒரு நிமிஷம் இருக்கையில் ஹியாமின் திரையிலும் பரீட்சை தொடங்கியது.

*

லுபானா இரண்டு மணி நேரம் நடைபாதை பெஞ்சில் கிடந்தாள். தேறாமலே போய்விட்டால் நல்லது என்று ஒரு தடவை நினைத்தாள். அப்படிப் போய்விட்டால் பொய் சொல்ல வேண்டாம். நினைத்த மறு நிமிஷமே தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. பதினான்கு வாரம் சொல்லிக் கொடுத்த வாத்தியார், சொந்த அக்கா தோற்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து வேண்டுகிறாள். இதைவிடக் கீழே எங்கே போவது?

நாலரை மணிக்கு எல்லோரும் வெளியே வந்தார்கள். ஹியாமின் முகம் காய்ச்சல்காரி முகம் போல் சிவந்திருந்தது. வந்ததும் கூடையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு, தங்கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, காகிதத்தைப் பிரித்து ஸஅத்தர் ரொட்டியைப் பாதி பிய்த்துக் கொடுத்தாள். தானும் தின்றாள். பேச்சும் தீனியும் ஒன்றாக நடந்தன.

கடைசிக் கேள்வியில், வீட்டுச் சொந்தக்காரருக்குக் குழாய் ஒழுகுவது பற்றி ஒரு கடிதம் எழுதச் சொன்னார்களாம். எண்பது வார்த்தை போதும் என்றார்களாம். ஹியாம் பன்னிரண்டு வருஷத்துக் குறையையும் எழுதிவிட்டாளாம். குழாய், மாடி ஈரம், ஜன்னல் தாழ்ப்பாள், மழைக்கு உதிர்கிற சுண்ணாம்பு. "எனக்கு இங்கிலீஷ்ல இவ்வளவு கோபம் வரும்னு தெரியாமப் போச்சு லுபானா" என்றாள்.

லுபானாவின் கையிலிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. கணினியே உடனுக்குடன் திருத்திப் போட்ட மார்க் பட்டியல். பதினேழாவது வரியில் அக்காவின் பெயர். எழுபத்து நான்கு.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹியாம் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டாள்.

"தேறலைன்னாலும் பரவாயில்லடி" என்றாள். "உள்ள உட்கார்ந்து ஒண்ணே ஒண்ணுக்குத்தான் பயந்தேன். அவரு எண்ணைச் சொல்ல மாட்டாரோன்னு. மனசுக்குப் பிடிக்காமலே சொல்லிட்டாரு பாரு. அந்த ஒண்ணு போதும். நாளைக்குக் கூரையில்லாத வீட்டுக்குக் கூப்பிட்டாலும் சந்தோஷமாப் போவேன்."

பொய் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அக்காவே வழி விட்டுக் கொடுக்கிறாள். ஒரு சொல் சொன்னால் போதும், லாரி நேரத்துக்குப் போகும், நாயிஃப் ஒத்தையாக இருக்க மாட்டார், ஆணையும் நிற்கும். ஹியாம் புருஷனைக் கொண்டாடிக்கொண்டே போவாள். வியாழக்கிழமை மத்தியானம், தர்ஆவில் சிக்னல் கிடைக்கிற ஏதாவது ஒரு மேட்டில் நின்று மின்னஞ்சலைத் திறப்பாள். திறக்கத்தான் லுபானா சொல்லிக் கொடுத்திருக்கிறாளே.

"எழுபத்தி நாலு" என்றாள் லுபானா. "தேறிட்டக்கா."

ஹியாம் கத்தவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. லுபானா அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். அழுதுகொண்டே, நாளையிலிருந்து தனக்கு மூன்று நாள் நோன்பு என்றாள்.

ஹியாமின் அழுகை நின்றது. ஆணையை முறித்தவர்கள் பத்து ஏழைகளுக்குச் சோறு போட வேண்டும், அதற்கு வழியில்லாதவர்கள் மூன்று நாள் நோன்பு பிடிக்க வேண்டும். எங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். மாதக் கடைசியில் லுபானா வழியில்லாதவள்தான்.

"என்ன ஆணை? யார்கிட்ட?"

லுபானாவின் உள்ளங்கையில் அந்த ஆறு இலக்கமும் வேர்வையில் பாதி அழிந்து கிடந்தன. ஹியாம் அந்தக் கையைப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் பதிவேடு எழுதியவளுக்குத் தேதியைத் தேதியோடு பொருத்திப் பார்க்கத் தெரியும். கொஞ்ச நேரம் முன்பு புருஷனைப் பற்றித் தான் சொன்னதெல்லாம் அவளுக்கே காதில் கேட்டிருக்க வேண்டும். முகம் வெளுத்துப் போயிற்று.

அப்போது ஹியாமின் போன் அடித்தது. நாயிஃப்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டார். தேறவில்லை என்று லுபானா சொல்லியிருப்பாள் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் இருந்தது. அதற்குள்ளேயே வருத்தப்படத் தயாராகவும் இருந்தார்.

"எழுபத்தி நாலு. தேறிட்டேன்."

மறுமுனையில் இரும்புச் சத்தம் நின்றது.

"லுபானாதான் சொன்னா" என்றாள் ஹியாம். "நாளையிலேருந்து அவளுக்கு மூணு நாள் நோன்பாம்."

"எழுபத்தி நாலா" என்று நாயிஃப் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"விடியறதுக்கு முன்னால ஸஹர் சாப்பாட்டுக்கு என்னையும் எழுப்பிவிடு ஹியாம். நாளையிலேருந்து எனக்கும் நோன்பு."

ஹியாம் சுவரில் சாய்ந்தாள். அண்ணனுக்குக் கொடுத்தது ஒரு ஆணை, தனக்குக் கொடுத்தது ஒரு ஆணை. இரண்டும் ஒரே ஆளின் வாயிலிருந்து வந்தவை.

"நீங்க முறிக்கப் போறது எந்த ஆணைங்க?" என்று கேட்டாள்.

அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அபூ மன்ஸூர் கட்டிலின் அடுத்த கால் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.